அரசாங்கச் செலவில் அம்மா பேசிய நாள்

என் அம்மாவுக்குக் காது கேட்காது, வாயும் பேசாது. இதைச் சொன்னதும் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் ஒருநாள் பினாங்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். அம்மா கையைத் தூக்கினால் கீழே இறக்க மாட்டாள். சோறு வடித்துக்கொண்டே பேசுவாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிச்சமிருக்கும் ஒரு கையால் பேசுவாள். வாட்ஸ்அப்பில் வீடியோ வந்த பிறகு கேட்கவே வேண்டாம். கைப்பேசியை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, பட்டர்வொர்த்திலிருக்கும் தோழியோடு அரைநாள் வம்பளப்பாள். அவள் சிறுமியாக விடுதியில் தங்கிப் படித்தபோது அங்கிருந்த பிள்ளைகள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட சைகை அது. பினாங்கில் வயதானவர்களுக்கு அதுதான் தாய்மொழி. கோலாலம்பூர்க்காரர்களின் சைகை வேறு. அங்கிருந்து யாராவது வந்துவிட்டுப் போனால், "அவங்க கை சுத்தமா இல்ல" என்பாள் அம்மா. அவள் கையால் சொன்னதையெல்லாம் இங்கே நான்தான் பேச்சுத் தமிழில் எழுதுகிறேன்.

சின்ன வயதிலிருந்தே அம்மாவுக்கு வாய் நான்தான். அப்பாவுக்கும் காது கேட்காது. அவர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. எனக்கு அக்கா தங்கச்சி கிடையாது. பேங்க், கரண்ட் ஆபீஸ், பாசாரில் மீன்காரனோடு சண்டை என்று எல்லாவற்றுக்கும் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவாள். என் மனைவிக்கு அம்மாவின் சைகையில் சாப்பாடு, மழை, துணி காய்ந்துவிட்டது என்கிற அளவுக்குத்தான் தெரியும். நான் நாற்பதைத் தாண்டிய பிறகும் இந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வருடம் அம்மா இளைத்துக்கொண்டே போனாள். முகம் வெளுத்துவிட்டது. மாடி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். ஜுருவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். போகும் ஒவ்வொரு முறையும் டாக்டர் மாறியிருப்பார், கேள்வி மட்டும் மாறியிருக்காது. அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, உங்கள் அம்மாவுக்கு என்ன செய்கிறது என்பார்கள். நான் கையால் கேட்பேன். அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு வயிற்றைத் தொட்டு, வலிக்கிறது என்பாள். வேறு ஏதாவது? வேறு ஒன்றுமில்லை. கேஸ்ட்ரிக் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

எனக்குப் பயமாக இருந்தது. வயிற்று வலிக்காரி இப்படி வெளுக்க மாட்டாள். என் கையில்தான் ஏதோ குறை, நான் சரியாகக் கேட்கவில்லை போல என்று நினைத்து, ஒருமுறை கவுண்டரில் சைகை மொழிபெயர்ப்பாளர் யாராவது கிடைப்பார்களா என்று விசாரித்தேன். அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் இருக்கீங்களே அண்ணே" என்றாள்.

மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் அரசாங்கத்துக்கு என் அம்மா தேவைப்பட்டாள்.

காது கேளாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் கூடுவார்கள். கடைக்காரர் ராமநாதபுரம் வழிவந்த முஸ்லிம். ஒரு கிளாஸ் தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் முகம் சுளிக்க மாட்டார். "என் கடையில சத்தம் போடாத கூட்டம் இது ஒண்ணுதான்" என்பார். அங்கே ஓர் அதிகாரி வந்தார். தாசேக் கெலுகோர் தோட்டத்தில் பிறந்து, படித்து முன்னேறி, ஓர் அரசாங்க இலாகாவில் நல்ல பதவியில் இருக்கிறவர். என்னைவிடச் சில வயது மூத்தவர். சட்டைப் பையில் இரண்டு பேனா, நெற்றியில் மெல்லிய திருநீறு. நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"தம்பி, உடற்குறை உள்ளவங்க உரிமைக்குன்னு உலக நாடுங்க போட்ட ஒப்பந்தத்துல நம்ம கவர்மெண்டும் சைன் பண்ணியிருக்கு, தெரியுமில்ல? அதுல உள்ளபடி செய்யறோமான்னு ஜெனிவாவுல ஒரு கமிட்டிக்கு ரிப்போர்ட் அனுப்பணும். சம்பந்தப்பட்டவங்கள கூப்பிட்டுக் கருத்து கேட்டோம்னு அதுல காட்டணும் லா. ஹோட்டல்ல ஹால் புக் பண்ணியாச்சு. ஹால் நெறைய ஆள் வேணும். உங்கம்மா சொன்னா எல்லாரும் வருவாங்களாமே?"

"கையில பேச ஆள் வருவாங்களா அண்ணே?"

"பின்ன? அது இல்லாம எப்படி? முழு நாளுக்கும் காசு ஒதுக்கியாச்சு."

"அந்த ஆளையே ஒருநாள் எங்கம்மாவோட ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமா?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, சின்னப் பிள்ளை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அப்படி.

"அது வேற இலாகா தம்பி, வேற காசு. இது ஒப்பந்தத்துக்கு உண்டான காசு. ஹால், சாப்பாடு, பேனர், டி-ஷர்ட், பை, ரிப்போர்ட் அச்சடிக்கிறது, ஜெனிவாவுக்கு டிக்கெட், அங்க தங்கறது, இதுக்கெல்லாம் செலவு பண்ணலாம். ஆஸ்பத்திரியில ஆள் வெச்சா அதுக்குப் பேரு சேவை. சேவைக்கு இதுல எடம் இல்ல. நான் கையெழுத்துப் போட்டா ஆடிட்காரன் என்னையப் புடிச்சுக்குவான்."

ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று வாரி ஊற்றுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே நெய் எங்களுடையது, இலை மட்டும் ஜெனிவாவில் போட்டிருந்தது. அம்மாவுக்கு டாக்டரோடு பேச உரிமை இருக்கிறது என்று அவளுக்குச் சைகையில் சொல்லப் பணம் உண்டு. அந்த டாக்டரோடு பேசப் பணம் கிடையாது. எனக்கு வந்த கோபத்தில் தே தாரிக் ஆறிப்போனது.

இதையெல்லாம் அம்மாவுக்குக் கையால் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அங்கத்தில் விரலை வைத்தாள். காது கேளாத நோயாளி மொழிபெயர்ப்பாளர் உதவியோடு டாக்டரிடம் பேசுவதை மேடையில் நடித்துக் காட்டுவது. ரிப்போர்ட்டில் போடப் படம் வேண்டுமாம்.

"டாக்டர் யாரு?" என்று கேட்டாள்.

"எங்க ஆபீஸ் ஆள் ஒருத்தருக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி விட்டுருவோம்" என்றார் அதிகாரி.

அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நிஜ டாக்டர் வேண்டும், அதுவும் பெண் டாக்டர். கைப்பேச்சுக்குக் கோலாலம்பூர் ஆள் வேண்டாம். ஆயர் ஈத்தாமில் ஒரு சீனப் பெண் இருக்கிறாள், அவளுடைய அம்மா அப்பாவுக்கும் காது கேட்காது, அவள் கைதான் எங்கள் கை, அவள் வர வேண்டும். நோயாளியாக நானே நடிக்கிறேன் என்றாள். இதற்குச் சம்மதம் என்றால் ஹால் நிறையும். இல்லையென்றால் நாற்காலிகளிடம் கருத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதிகாரி மனதுக்குள் கணக்குப் போட்டார். "டாக்டருக்கு ஒரு ஹேம்பர் குடுத்துட்டா போதும், நினைவுப் பரிசுல காட்டிக்கலாம். சரி அம்மா, செட்டல்" என்றார்.

இந்த வயதில் அம்மாவுக்கு மேடை ஆசை வந்துவிட்டதே என்று வீட்டில் அவளைக் கிண்டல் செய்தேன். முகத்துக்குப் பவுடர் போட ஆள் வைக்கட்டுமா என்றுகூடக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஹோட்டல் பெரிய ஹோட்டல்தான். வாசலிலிருந்தே குளிர். எல்லாருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். அதற்குள் டி-ஷர்ட், பேனா, உரிமைகளை விளக்கும் ஒரு கையேடு, இயர்போன் இல்லாமலேயே கேட்கக்கூடிய ஒரு சின்ன ரேடியோ. ரேடியோவை எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தாரோ தெரியவில்லை. அம்மாவின் தோழர்கள் அதை ஆளுக்காள் காதில் வைத்துக் காட்டி வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மேடையில் ஆள் உயரத்துக்குப் பூ அலங்காரம். புத்ராஜெயா தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி, அரசாங்கம் உங்கள் குரலைக் கேட்கத்தான் வந்திருக்கிறது என்று பேசினார். ஆயர் ஈத்தாம் பெண் அதை முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் கையில் சொன்னாள். சாப்பாடும் குறையில்லை. ஆட்டிறைச்சி இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு மேடையில் ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் போட்டார்கள். டாக்டர் இளம் வயது மலாய்ப் பெண். எழுதிக் கொடுத்த வசனத்தை மடித்துக் கையில் வைத்திருந்தார். வசனப்படி அம்மாவுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் இருமல். அம்மா உட்கார்ந்தாள். டாக்டர் புன்னகையோடு, என்ன செய்கிறது என்று மைக்கில் கேட்டார். ஆயர் ஈத்தாம் பெண் கையால் கேட்டாள்.

அம்மா ஹாலில் கண்ணை ஓட்டி என்னைத் தேடினாள். நான் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என்னைக் கண்டதும் ஒரு விரலைச் சுழற்றிக் காட்டினாள்.

திரும்பு.

விளங்காமல் பார்த்தேன். மறுபடி காட்டினாள். அவள் கண் கெஞ்சியது. அம்மா என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. எழுந்து, மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். எனக்கு எதிரே காலியான சாப்பாட்டு மேசைகளும் மிச்ச ஆட்டிறைச்சியும் இருந்தன. காது கேட்கும் எனக்கு அம்மா பேசுவது தெரியக் கூடாதென்றால், கண்ணைத்தான் மூட வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் அது. கைப்பேச்சு பேசுகிறவர்கள் இருக்கும் இடத்தில், இது உனக்கில்லை என்றால் முதுகைத் திருப்பிக்கொள்வதுதான் மரியாதை.

மைக்கை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு குரல் எதுவும் வரவில்லை. ஆயர் ஈத்தாம் பெண், டாக்டரின் காதோடு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "மைக்! மைக்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அப்போது முன் வரிசையில் இருந்த அம்மாவின் தோழிகள் ஆண்களைப் பார்த்துக் கையைச் சுழற்றினார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுந்து திரும்பி நின்றார். அடுத்து இன்னொருவர். பிறகு ஹாலில் இருந்த காது கேளாத ஆண்கள் அத்தனை பேரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்து, மேடைக்கு முதுகைக் காட்டி, என்னைப் போலவே சாப்பாட்டு மேசையைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் முகங்களைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மேடையில் இருப்பது இருமல் இல்லை.

தாசேக் கெலுகோர் அதிகாரி அண்ணன் வியர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடி வந்தார்.

"தம்பி, என்னா இது? புறக்கணிப்பா? புத்ராஜெயா டைரக்டர் முன்னாலயே பின்னாடி காட்டி நிக்கறாங்க! யாரு இவங்கள தூண்டி விட்டது?"

"யாரும் தூண்டல அண்ணே."

"பின்ன ஏன்? சாப்பாடு நல்லாதானே இருந்துச்சு?"

எனக்கே விளக்கம் தெரியாது. அதற்குள் புத்ராஜெயாக்காரர் எழுந்துவிட்டார். அவருக்கும் இது ஆர்ப்பாட்டமாகவே பட்டிருக்க வேண்டும். ஜெனிவாவுக்கு யாராவது இதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கண்முன் ஓடியிருக்கும். இன்னொரு மைக்கைப் பிடித்து, உங்கள் மனக்குறை எனக்குப் புரிகிறது, இந்த நிமிடத்திலிருந்து ஆஸ்பத்திரியில் சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்தும் முன்னோடித் திட்டத்துக்கு ஒப்பந்தப் பணத்திலிருந்தே ஒதுக்கீடு செய்கிறேன் என்று அறிவித்தார். இலாகா ஊழியர்கள் கை தட்டினார்கள். காது கேளாதவர்கள் யாருக்கும் அது போய்ச் சேரவில்லை. ஆண்கள் திரும்பி நின்றார்கள், பெண்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இருந்த ஒரே மொழிபெயர்ப்பாளருக்கு அம்மாவோடு வேலை இருந்தது.

மறுநாள் மேடை டாக்டர் சொன்னபடி ஆயர் ஈத்தாம் பெண்ணும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் காடி ஓட்டினேன். பெண்கள் நோய்ப் பிரிவு என்ற பலகைக்குக் கீழே அம்மா என்னை நிறுத்திவிட்டு உள்ளே போனபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. தீட்டு நின்று எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அம்மாவுக்கு மறுபடி ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பெற்ற மகனைப் பார்த்து ஒரு தாய் அதை எப்படிச் சொல்வாள்? மருமகளிடம் சொன்னால் என்னிடம்தான் வந்து சேரும். தோழிகளுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, ஆனால் அவர்களுக்கும் டாக்டரிடம் சொல்ல வாய் இல்லை. அம்மா நாசி கண்டார் கடையில் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, இந்த நாட்டில் தனக்கென்று இருக்கும் ஒரே டாக்டர் அறை அந்த மேடைதான் என்று முடிவு செய்திருக்கிறாள். அன்றிரவு நான் அழுதேன். அவமானமா, நிம்மதியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கர்ப்பப்பையில் புற்று. ஆரம்பம்தான், எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்தார்கள். அந்தச் சில மாதங்கள் அம்மா ராணி மாதிரி இருந்தாள். ஆயர் ஈத்தாம் பெண்ணோடு டாக்டர் அறைக்குள் போனால் லேசில் வெளியே வர மாட்டாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்கூடக் கேட்கும். எனக்கு வெளி நாற்காலிதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது போல வேறெங்கும் நான் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

பிறகு ஒரு ஞாயிறு தாசேக் கெலுகோர் அண்ணன் கடைக்கு வந்தார். ஜெனிவாவிலிருந்து திரும்பியிருந்தார். எல்லாருக்கும் சாக்லேட்.

"அம்மா, நீங்க ரிப்போர்ட்ல இருக்கீங்க" என்றார் பெருமையாக. முன்னோடித் திட்டம் வெற்றி என்று எழுதியிருந்தார்களாம். பயனடைந்தவர்கள் எத்தனை பேர் என்று போடவில்லை. போட்டிருந்தால் என் அம்மா ஒருத்திதான்.

அடுத்த வாரம் அம்மாவுக்குச் செக்கப், ஆயர் ஈத்தாம் பெண் எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்டேன். அவர் சாக்லேட் டப்பாவை மூடினார்.

"ரிப்போர்ட் போயிருச்சு தம்பி. அந்தக் கணக்க மூடியாச்சு. இப்ப நான் நெனச்சாலும் முடியாது லா."

கையால் அதை அம்மாவுக்குச் சொன்னேன். "ஏன் அனுப்புனீங்க?" என்று அவரைப் பார்த்தே கேட்டாள். "எழுதிக்கிட்டே இருந்திருக்கலாமே." நான் அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். அம்மா விளையாட்டாகக் கேட்கவில்லை. அடுத்த ரிப்போர்ட் எப்போது என்றாள். நாலு வருடம் கழித்து என்றார். டாக்டர் தன்னை விடாமல் வந்து காட்டிக்கொண்டே இருக்கச் சொன்னதாக அம்மா சொன்னாள். அவர் எழுந்து போய் எல்லாருடைய பில்லையும் கட்டினார். பாவம், அது அவர் சொந்தக் காசு.

செக்கப் அன்று நான்தான் கூட்டிப்போனேன். மனைவி வருகிறேன் என்றாள். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். எண்ணைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். அம்மா என் நெஞ்சில் கையை வைத்து, மெதுவாக அழுத்தி, நாற்காலியில் உட்கார வைத்தாள். தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கை தெரியாத டாக்டரும் வாய் இல்லாத என் அம்மாவும் உள்ளே என்ன பேசினார்களோ. சிரிப்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள்.

கதவருகே நின்ற தமிழ் நர்ஸிடம், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவங்க அனுமதி இல்லாம சொல்லக் கூடாது அண்ணே. அது அவங்க உரிமை" என்றாள்.

ஒப்பந்தத்தில் உள்ளபடி முழுசாக ஒன்று நடந்துவிட்டது. அம்மாவிடமே கேட்டேன்.

"நல்லா இருக்காம்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் சிரிச்சாங்க" என்றாள்.

சின்ன வயதிலிருந்து டாக்டர்கள் சொன்னதை அம்மாவுக்குச் சொன்னவன் நான். அப்பாவுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்ன டாக்டரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதை இப்போது அம்மாவிடம் சொல்ல எனக்குக் கை வரவில்லை.